வழக்கறிஞரும் வழக்கமும்: திருமயம் சத்தியமூர்த்தியை எப்படி நினைவுகூர்வது?

ஆகஸ்ட் 19 வந்தால் தீரர் சத்தியமூர்த்தியின் பிறந்தநாள். மார்ச் 28 வந்தால் நினைவுநாள். சென்னையில் காங்கிரஸ் கட்சியின் தலைமை அலுவலகம் அவர் பெயரால் சத்தியமூர்த்தி பவன். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் அவர் பெயரால் சத்தியமூர்த்தி சாகர். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் பேச்சுப்போட்டி என்றால் அவர் பெயர் ஒரு தலைப்பாக வந்துவிடும். நானும் எட்டாம் வகுப்பில் அந்தத் தலைப்பில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். வெள்ளையனை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர், காமராசரை வளர்த்தெடுத்த ஆசான், சென்னையின் மேயர் என்று மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தால் போதும், கைத்தட்டல் உறுதி.

முனைவர் பட்ட ஆய்வுக்காக 1920களில் சென்னை மாகாண சட்டமன்றத்தில் கோயில்களைப் பற்றி நடந்த விவாதங்களைப் படித்து வருகிறேன். அங்கே நான் சந்திக்கிற சத்தியமூர்த்தியும் அதே நாவன்மை கொண்டவர்தான். ஆனால் அந்த நா யாருக்காகப் பேசியது, யாருடைய விடுதலைக்கு எதிராகப் பேசியது என்பதைப் பேச்சுப்போட்டிகள் சொல்வதில்லை. செத்துப்போன ஒருவரோடு பழைய கணக்குத் தீர்ப்பதில் எனக்கு ஆர்வம் கிடையாது. அவர் அவையில் எடுத்துவைத்த வாதம் சாகவில்லை என்பதுதான் என் கவலை. அது இன்றும் எங்கள் ஊர்க் கோயில் வாசலிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

முதலில் அவருடைய பெருமைகளைக் குறைவில்லாமல் சொல்லிவிடுவோம். 1887-இல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திருமயத்தில் ஒரு பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ப் பெருமாளின் பெயரும் சத்தியமூர்த்திதான். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று படித்து வழக்கறிஞர் ஆனார். 1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவோடு இங்கிலாந்து போனார். 1923-இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னை சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். வழக்கறிஞர்கள் அரசியலுக்கு வருவதும், நீதிமன்றத்தில் பழகிய வாதத் திறமையைச் சட்டமன்றத்தில் காட்டுவதும் அந்தக் காலத்து வழி. அந்த வழியில் நடந்தவர்களில் அவரளவுக்கு ஆங்கில ஆட்சியின் அமைச்சர்களைத் திணறடித்தவர்கள் குறைவு.

1928-இல் பாரதியார் பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்தபோது அவையில் அதைக் கண்டித்து முழங்கினார். 1934 தேர்தலில் வென்று டெல்லியின் மத்திய சட்டசபைக்குப் போனார். 1937-இல் தான் நிற்க வேண்டிய பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். 1939-இல் சென்னை மேயர் ஆனார். அவர் முயற்சியால் 1940-இல் பூண்டியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கைதாகி அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதுகுத்தண்டில் அடிபட்டு, நோய் முற்றி, 1943 மார்ச் 28 அன்று ஐம்பத்தைந்து வயதில் சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். தான் அடிக்கல்லுக்கு வழிசெய்த நீர்த்தேக்கம் 1944-இல் திறக்கப்பட்டதைப் பார்க்க அவர் இல்லை. இந்தத் தியாகத்தை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது.

அதே சமஸ்தானத்தில், திருமயத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, புதுக்கோட்டை நகரத்தில், அவருக்கு ஓராண்டு முன்னதாக 1886 ஜூலை 30 அன்று ஒரு பெண் பிறந்தார். முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கம் நிலவிய சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. அதுவும் எந்தத் தாயின் மகள் என்பதைச் சொல்லிச் சொல்லி எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை மீறி இடம் கொடுத்தார். ஆண்களின் பார்வையில் படாமல் திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்தவர் 1912-இல் மருத்துவர் ஆனார். 1926-இல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பிறகு அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஒரே மண், ஒரே கல்லூரி, ஒரே சட்டமன்றம். ஒருவருக்கு அந்தக் கல்லூரியின் கதவு பிறப்பினாலேயே திறந்திருந்தது. இன்னொருவர் அரசாணை வாங்கி, திரைபோட்டு, உள்ளே போனார். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் 1927-இல் அவர்கள் இருவரும் எதிரெதிரே நின்ற விவாதத்தைப் படிக்க வேண்டும்.

1927 நவம்பரில் முத்துலட்சுமி ரெட்டி கோயில்களுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது தொடங்கி 1929 வரை நடந்த விவாதங்களில் சத்தியமூர்த்தி எதிர்த்தரப்பில் நின்றார். அவருடைய வாதங்களைத் தொகுத்தால் மூன்று வரும். மத விவகாரத்தில் சட்டமன்றம் கைவைக்கக் கூடாது என்பது ஒன்று. இந்தப் பெண்கள்தான் நாட்டின் ஆடல்பாடல் கலையைக் காத்து வருகிறார்கள், அதை அழித்துவிடக் கூடாது என்பது இரண்டு. இன்று தேவதாசிகள் வேண்டாம் என்று சட்டம் போட்டால், நாளைக்கு அர்ச்சகர்களும் வேண்டாம் என்று சட்டம் வரும் என்பது மூன்று. கோயில் நிர்வாகத்தை அரசின் கண்காணிப்புக்குக் கொண்டுவந்த நீதிக்கட்சி ஆட்சியின் அறநிலையச் சட்டத்தையும் அவர் ஏற்கெனவே எதிர்த்திருந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இது ஒருநாள் அவையில் வாய்தவறி வந்த பேச்சு இல்லை என்பது விளங்கும்.

இந்த இடத்தில் நம் இயக்க மேடைகளில் ஒரு பதிலடியைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவது உண்டு. அது அவ்வளவு புண்ணியம் என்றால் இனி உங்கள் சாதிப் பெண்கள் செய்யட்டுமே என்ற பதிலடி. அதற்குப் பல வடிவங்கள் உலவுகின்றன. சொன்னவர் பெயர்கூட மேடைக்கு மேடை மாறும். தோழர்களுக்கு என் வேண்டுகோள்: அந்தப் பதிலடியை நாம் நம்பியிருக்கத் தேவையில்லை. சத்தியமூர்த்தியின் மூன்றாவது வாதம் அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம்.

யோசித்துப் பாருங்கள். தாசிக்கும் அர்ச்சகருக்கும் என்ன தொடர்பு? ஒருவர் கருவறைக்குள் நிற்கிறார், மற்றவர் மண்டபத்தில் நிற்கிறார். ஒருவருக்குத் தட்டில் காசும் ஊரில் மரியாதையும். மற்றவருக்கு இழிபெயர். ஆனால் இருவரும் தங்கள் இடத்துக்குப் பிறப்பின் வழியாகவே வந்தவர்கள். அடியில் இருக்கும் கல்லை உருவினால் உச்சியில் இருக்கும் கல்லும் ஆட்டம் காணும் என்பது அந்த வழக்கறிஞருக்குத் தெரிந்திருந்தது. அவரை எதிர்த்தவர்களில் பலரைவிடத் தெளிவாகவே தெரிந்திருந்தது. சாதி அமைப்பு ஒரே கட்டடம் என்று பெரியார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்ததை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவைக்குள் வேறு சொற்களில் ஒத்துக்கொண்டார்.

தமிழில் 'வழக்கு' என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நெடுங்காலமாக நடந்துவருவதும் வழக்கு. அதை எதிர்த்து மன்றத்தில் நியாயம் கேட்பதும் வழக்கு. வழக்கறிஞர் எந்த வழக்கை அறிந்தவர் என்பதில்தான் அவருடைய அரசியல் இருக்கிறது. ஆங்கிலேயருக்கு முன்னால் நின்றபோது சத்தியமூர்த்தி இரண்டாவது பொருளின் ஆள். நூறாண்டு ஆண்டுவிட்டாய் என்பதால் உனக்கு உரிமை வந்துவிடாது என்று வாதாடியவர். கோயிலுக்கு முன்னால் நின்றபோது அவரே முதல் பொருளுக்குத் தாவிவிட்டார். நெடுங்காலமாக நடக்கிறது என்பதே அங்கே நியாயமாகிவிட்டது.

முத்துலட்சுமி ரெட்டி இந்த வாதத்துக்குக் கொடுத்த பதில் கூர்மையானது. அவர் வழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினார். அது மண்ணில் இருந்தது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் குடும்பங்களுக்குக் கோயில் ஊழியத்துக்கு ஈடாக மானிய நிலம் கொடுக்கப்பட்டிருந்தது. ஊழியத்தை விட்டால் நிலம் போகும். நிலம் போகாமல் இருக்க வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் ஒரு பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். பக்தி, கலை, புனிதம் என்று அவையில் பேசப்பட்டதெல்லாம் வீட்டுக்குள் வந்தால் சோற்றுக் கணக்காக இருந்தது. 1929-இல் நிறைவேறிய அறநிலையச் சட்டத் திருத்தம் அந்த முடிச்சை அறுத்தது. கோயில் ஊழியம் செய்யாமலேயே நிலம் அந்தப் பெண்ணுக்குச் சொந்தம் என்றானது. வழக்கம் புனிதமானதா இல்லையா என்று அதற்குப் பிறகும் யார் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருக்கலாம். சோற்றைக் காட்டி ஒரு சிறுமியின் கழுத்தில் தாலி கட்டும் கட்டாயம் தளர்ந்துவிட்டது.

பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை அவர் அடுத்துக் கொண்டுவந்தார். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார். நாட்டு விடுதலை முதலில், சமூகச் சீர்திருத்தம் அப்புறம் என்று சொல்லித் தப்பித்தவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும். காந்திக்காகப் பதவியைத் துறந்தவரும் பொட்டுக்கட்டை எதிர்த்தவரும் ஒரே பெண்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் காங்கிரசில் உழைத்துவிட்டுச் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தவர்தான். அந்தக் கொடுமையைத் தன் வாழ்க்கையிலேயே பார்த்த அவர் 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சட்டம் 1947-இல்தான் முழுமையாக வந்தது. சத்தியமூர்த்தி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் காலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காலத்திலேயே இன்னொரு வழக்கறிஞர் இருந்தார். அதே 1927-இல், மார்ச் 20 அன்று, அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆதிக்க சாதியினர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய வாதமும் அதே வாதம்தான்: தீண்டத்தகாதோர் இந்தக் குளத்தைத் தொடுவதில்லை என்பது காலங்காலமான வழக்கம். பத்தாண்டு இழுத்த அந்த வழக்கில் 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் அம்பேத்கர் தரப்புக்குத் தீர்ப்புச் சொன்னது. அப்படி ஒரு தொன்மையான வழக்கம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்றது. ஒரே ஆண்டில் சென்னை அவையில் ஒரு வழக்கறிஞர் வழக்கத்துக்கு அரணாக நின்றார். மகாத்தில் ஒரு வழக்கறிஞர் அந்த வழக்கத்தைத் தண்ணீரில் இறங்கி உடைத்து, நீதிமன்றத்திலும் உடைத்தார். காலத்தின் மீது பழியைப் போட வழியில்லை.

காமராசர் என்ற பெயரைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. நாடார் சமூகத்தில் பிறந்த ஒருவரைத் தன் தளபதியாக வளர்த்தவர் சாதி பார்த்தவரா என்பார்கள். சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்தபோது காமராசர் செயலாளர். 1940-இல் காமராசர் தலைவரானபோது சத்தியமூர்த்தி செயலாளர் பொறுப்பை ஏற்றார். தன் சீடனுக்குக் கீழே பணியாற்றத் தயங்காத அந்தப் பண்பு உண்மையானது. ஆனால் நாம் பேசுவது அவருடைய நெஞ்சு நல்லதா கெட்டதா என்பதை அல்ல. சாதி ஒருவருடைய நட்பு வட்டத்தால் நிற்பதும் இல்லை, விழுவதும் இல்லை. நிலம், கோயில், தண்ணீர், சடங்கு ஆகியவற்றின் மீது யாருக்கு உரிமை என்ற விதிகளால் நிற்கிறது. அந்த விதிகளை மாற்றும் வாய்ப்பு சட்டமன்றத்தில் கைக்கு வந்தபோது அவர் எந்தப் பக்கம் பேசினார் என்பதே நம் கேள்வி.

அவர் அஞ்சியது நடந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தாசிக்கு அடுத்து அர்ச்சகர் என்றார் அல்லவா? 1970-இல் கலைஞர் ஆட்சி பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தது. 1972-இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாரிசுரிமை ஒழிப்பை ஏற்றது. ஆனால் ஆகமத்தைக் காட்டி அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் வழியை அடைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2021 ஆகஸ்ட் 14 அன்று, பயிற்சி பெற்ற பல சாதி இளைஞர்களுக்கு அர்ச்சகர் பணி நியமன ஆணை வழங்கப்பட்டது. வானம் இடிந்து விழவில்லை. ஆனால் உடனே வழக்குகள் வரிசைகட்டின. அந்த வழக்குகளிலும் முதல் சொல் வழக்கம், இரண்டாம் சொல் ஆகமம். சத்தியமூர்த்தியின் வாதத்துக்கு இன்னும் வாரிசுகள் இருக்கிறார்கள்.

இப்போது அவர் பிறந்த மாவட்டத்துக்கு வருவோம். 2022 டிசம்பர் 26 அன்று வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரியவந்தது. விசாரிக்கப் போன அன்றைய ஆட்சியர் கவிதா ராமுவிடமும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேவிடமும் மக்கள் இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தலைமுறை தலைமுறையாக நுழைய முடியாத நிலை. அதிகாரிகள் மக்களை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். தொட்டி வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் அதே பகுதியைச் சேர்ந்த தலித் இளைஞர்கள் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதை ஏற்க மறுத்து சிபிஐ விசாரணை கேட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட அந்த வழக்கு எப்படி முடிந்தாலும், குவளையும் கோயில் வாசலும் பொய்யாகிவிடாது. அவற்றை மாவட்ட நிர்வாகமே நேரில் கண்டது.

சென்னையின் தாகத்துக்காகப் பூண்டிக்கு அலைந்த மேயரின் சொந்த மாவட்டத்தில், குடிநீர்த் தொட்டியே சாதியின் களமாகியிருக்கிறது. இதற்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அபத்தம். ஆனால் இறையூர் அய்யனார் கோயில் வாசலில் தலைமுறைகளாக மக்களை நிறுத்தி வைத்தது எது? எழுதப்பட்ட எந்தச் சட்டமும் இல்லை. வழக்கம் என்ற ஒரு சொல்.

இந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புதுக்கோட்டையில் நடக்கும் எந்த அமைதிக் கூட்டத்திலும் பார்க்கலாம். ஆய்வுக்காகச் சில கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சேரி மக்கள் திருவிழாவில் மண்டகப்படி கேட்பார்கள், அல்லது தேர்வடம் பிடிக்க வேண்டும் என்பார்கள், அல்லது உள்ளே போய்ச் சாமி கும்பிட வேண்டும் என்பார்கள். வட்டாட்சியர் இரு தரப்பையும் அழைப்பார். எதிர்த்தரப்பு நாங்கள் யாரையும் தடுக்கவில்லை, ஆனால் எங்கள் ஊர் வழக்கம் இப்படி என்று சொல்லும். கடைசியில் பழைய வழக்கப்படி விழாவை நடத்திக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குவார்கள். சமாதானம் என்று அதற்குப் பெயர். தோற்ற தரப்பு தன் தோல்விக்குத் தானே கையெழுத்துப் போடுகிறது.

அந்தத் தாள் சட்டத்தின் முன் எவ்வளவு பலவீனமானது என்பது அந்த அறையில் இருக்கும் பலருக்குத் தெரிவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆவது உறுப்பு, சட்டம் என்ற சொல்லுக்குள் வழக்கத்தையும் நடைமுறையையும் சேர்த்தே சொல்கிறது. அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கம் செல்லாது என்கிறது. 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 1947-இன் கோயில் நுழைவுச் சட்டம், மாறான வழக்கம் எதுவாக இருந்தாலும் எல்லா இந்துக்களும் பொதுக் கோயிலுக்குள் போகலாம் என்று முன்பே சொல்லிவிட்டது. மகாத் குளக்கரையில் தொடங்கிய வழக்கு அரசமைப்புச் சட்டத்தில் வென்றுவிட்டது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

எனவே சத்தியமூர்த்தியை மறக்கச் சொல்லவில்லை, முழுதாக நினைக்கச் சொல்கிறேன். ஆகஸ்ட் 19 அன்று அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்கள், ஜூலை 30 அன்று முத்துலட்சுமி ரெட்டிக்கும் ஒரு மேடை போடட்டும். பேச்சுப்போட்டிகளில் பாரதிக்காக அவர் பேசியதைச் சொல்லும் பிள்ளைகள், பொட்டுக்கட்டுக்காக அவர் பேசியதையும் படிக்கட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள். கோயிலுக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு வெகு முன்பே புரிந்துவிடுகிறது.

கடைசியாக, புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இன்று கறுப்பு அங்கியோடு நடக்கும் முதல் தலைமுறை வழக்கறிஞர்களுக்கு. சேரியிலிருந்து படித்து வந்த தோழர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நாளை உங்களில் சிலர் தேர்தலில் நிற்பீர்கள், சட்டமன்றமும் போவீர்கள். அதற்கு முன்னால் உங்களால் இன்றே செய்ய முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த அமைதிக் கூட்டத்துக்கு மக்களோடு நீங்களும் போங்கள். பழைய வழக்கப்படி என்ற வரி அந்தத் தாளில் எழுதப்படும்போது நிறுத்தச் சொல்லுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று கேளுங்கள். 13, 17 என்ற இரண்டு எண்களையும் 1947 என்ற ஆண்டையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மக்களைக் கையெழுத்துப் போடவிடாதீர்கள். அந்த மறுப்பிலிருந்து உங்கள் வழக்கைத் தொடங்குங்கள்.